வழுக்கு மரத்துக்குக் கைதட்டல், பெண்பிள்ளைக்குத் துப்பட்டாவா?

பெண்பிள்ளைகள் கம்பம் ஏறுவதை விழுப்புரம் பக்கத்தில் இப்போது யாரும் வெளிப்படையாக எதிர்ப்பதில்லை. நட்ட கம்பத்திலும் கயிற்றிலும் ஏறி வித்தை காட்டும் மல்லர் கம்பத்தில் பதக்கம் வாங்கி வரும் பிள்ளையின் படம் செய்தித்தாளில் வந்தால் ஊருக்கே பெருமை. எதிர்ப்பு இப்போது வேறு வாசல் வழியாக நுழைகிறது. "ஏறட்டும், யார் வேணாங்கிறது? முழுக்கால் பேண்ட்டு போட்டுக்கினு ஏறட்டும். மேல ஒரு டீ-ஷர்ட்டு. அவ்ளோதான கேக்கறோம்?" கண்டமங்கலம் கடைத்தெருவிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். புதுச்சேரியில் ஜிம்முக்குப் போய், எஃகுக் கம்பியில் ஏறிச் சுழலும் போல் ஃபிட்னஸ் பயிற்சியைக் கற்றுக்கொள்ளலாமா என்று யோசிக்கும் பெண்ணுக்கும் வீட்டில் இதே புத்திமதிதான் கிடைக்கிறது. பெண் விளையாடவும் செய்யலாம், ஊர் வாயும் மூடியிருக்கும். இருதரப்புக்கும் நல்லதாகத் தோன்றும் நடுவழி.

இந்த நடுவழி முழுத் தவறு. கம்பத்தைப் பற்றிய அறியாமையில் தொடங்கி, பிள்ளையின் எலும்பைப் பணயம் வைப்பதில் போய் முடிகிறது.

கம்பத்தில் ஆளைத் தாங்கி நிற்பது கை என்று நினைப்பவர் கீழே நின்று பார்த்தவர். ஏறியவருக்குத் தெரியும்: கை பாதி வேலைதான் செய்யும். தலைகீழாகத் தொங்கி இரு கையையும் விரிக்கிற பிள்ளையைத் தாங்குவது உள்தொடை. பக்கவாட்டில் கொடிபோல நீண்டு நிற்பவளைத் தாங்குவது அக்குளும் இடுப்பின் ஓரமும். முழங்காலின் பின்மடிப்பு ஒரு கொக்கி. நாற்பது, ஐம்பது கிலோ உடம்பு முழுவதும், உள்ளங்கையளவு இடத்தில் தோலுக்கும் கம்பத்துக்கும் இடையே உண்டாகும் உராய்வை நம்பித்தான் அந்தரத்தில் நிற்கிறது.

அந்த இடத்தில் துணியை நுழைத்துப் பாருங்கள். ஒரு பிடி இருந்த இடத்தில் இரண்டு வழுக்கல்கள் உண்டாகின்றன. கம்பத்தின் மேல் துணி வழுக்கும். துணிக்குள் தோலும் வழுக்கும். இறுக்கமான லெக்கின்ஸ் என்றாலும் அதன் நைலான் பளபளப்பு உலோகக் கம்பியில் நிற்காது. தொளதொளத்த டிராக் பேண்ட் இன்னும் மோசம்: கால் எங்கே இருக்கிறது, துணி எங்கே இருக்கிறது என்று பயிற்சியாளருக்கே தெரியாது, பிடி தவறப்போவதை முன்கூட்டிப் பார்த்துக் கைகொடுக்கவும் முடியாது. "மூடிக்கொண்டு ஏறு" என்று சொல்பவர், தனக்குத் தெரியாமலே, "விழுந்து எழு" என்று சொல்கிறார்.

"அப்படியானால் குறைத்து உடுத்துவதுதான் கம்பத்தின் விதியா?" என்று கேட்கலாம். அப்படியும் ஒரு விதி இல்லை. சீன சர்க்கஸ்காரர்களின் கம்பத்தில் ரப்பர் உறை இருக்கும். அதில் ஏறுபவர்கள் கால்முதல் கைவரை உடுத்தி, சில வேளைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து ஏறுகிறார்கள். வெறுந்தோலில் ஏறினால் ரப்பர் தோலை எரித்துவிடும். அவ்வளவு தூரம் போவானேன், விக்கிரவாண்டி பக்கம் நரசிங்கனூரில் பனையேறிகளைப் பாருங்கள். பனையின் உடம்பு அரம்போலச் சொரசொரப்பானது. மரத்தை மார்போடு அணைத்து ஏறுகிற பனையேறி, மார்பைக் காக்கத் தோல்பட்டையோ தடித்த துணியோ கட்டிக்கொள்வார், காலுக்குத் தளைநார். இடுப்பில் கட்டியதோ முழங்காலுக்கு மேல் ஏறிய ஒரு துண்டுத் துணி, கால் தடையில்லாமல் மடங்க வேண்டுமே. எங்கே உரசுமோ அங்கே மூடல், எங்கே அசைய வேண்டுமோ அங்கே திறப்பு. பனையேறியின் உடையைத் தீர்மானித்தது பனைமரம். அதில் ஊர்ப் பஞ்சாயத்துக்கு வேலையே இருக்கவில்லை.

மல்லர் கம்பத்திலேயே மூன்று வகை உண்டு: நிலத்தில் நட்ட நிலைக் கம்பம், சங்கிலியில் தொங்கும் தொங்கு கம்பம், கயிறு. நிலைக் கம்பம் தேக்கிலோ ஈட்டியிலோ செய்து இழைத்தது. தரைக்கு மேல் எட்டரை அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். அடியில் பருத்து மேலே போகப் போகச் சிறுத்து, கழுத்தும் உருண்டைத் தலையுமாக முடியும். அதில் ஆமணக்கு எண்ணெய் பூசுவார்கள், உரசலில் தோல் உரியாமல் இருக்க. எண்ணெய் ஊறிய மரத்தில் துணி நிற்குமா, தோல் நிற்குமா என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. கயிற்றின் கதை வேறு. பருத்திக் கயிறு தொடையிலும் இடுப்பிலும் இறுகிச் சுற்றும். கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே பிடித்து ஏற வேண்டும். கயிறு உரசிய இடம் தீப்பட்டதுபோல் எரியும். சில பிடிகளுக்கு இடுப்பையும் தொடையையும் மூடிய உடை வசதியாக இருக்கலாம். போல் ஃபிட்னஸ் வகுப்பின் கம்பி பளபளக்கும் எஃகு, பெரும்பாலும் நாற்பத்தைந்து மில்லிமீட்டர் குறுக்களவு. எண்ணெயோ கிரீமோ பட்டால் அன்றைய வகுப்பே போயிற்று. ஒரே பிள்ளை, ஒரே நாளில், மூன்று கருவிகளுக்கு மூன்று விதமாக உடுத்த நியாயம் உண்டு. "பெண்" என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மூன்றுக்கும் ஒரே முழுக்கால் சட்டையை நீட்டுவதில் என்ன நியாயம்?

அடுத்து, "நம்ம பண்பாடு" என்ற வாதம். கிருஷ்ண ஜெயந்திக்கு நம் ஊர்களில் உறியடியும் வழுக்கு மரமும் நடக்கின்றன. எண்ணெய் பூசிய மரத்தில் இளைஞர்கள் அரைக்கால் சட்டையோடு, மேலே ஒன்றும் இல்லாமல், ஒருவர் தோளில் ஒருவராக ஏறுகிறார்கள். கோயில் வாசல், சாமி பார்க்கிறது, ஊர்ப் பெண்கள் எல்லோரும் பார்க்கிறார்கள், மைக்கில் பெயர் சொல்லி உற்சாகப்படுத்துகிறார்கள். எந்தப் பெரியவரும் எழுந்து, "தம்பி, கணுக்கால் வரைக்கும் வேட்டி கட்டிக்கொண்டு ஏறு" என்று சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். ஏன் சிரிப்பார்கள்? வேட்டியோடு மரம் ஏற முடியாது என்பது ஊருக்கே தெரியும். ஆண்பிள்ளை மல்லர் கம்பத்தில் லங்கோடு கட்டுவதும் அப்படியே: அது "பயிற்சி உடை". அதே கம்பத்தில் அவன் தங்கை ஜிம்னாஸ்டிக்ஸ் உடையில் ஏறினால் மட்டும் அது "டிரஸ்" ஆகிவிடுகிறது. மரமும் எண்ணெயும் உராய்வும் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒன்றுதான். மாறியது பார்ப்பவர் கண்.

அந்த ஜிம்னாஸ்டிக்ஸ் உடைக்கும் ஒரு வரலாறு உண்டு. உடம்போடு ஒட்டிய அந்த ஒற்றை உடையை 19ஆம் நூற்றாண்டில் உலகறியச் செய்தவர் ஜூல் லியோதார் என்ற பிரெஞ்சுக்காரர். 1859இல் பாரிஸ் சர்க்கஸில் ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் பாய்ந்து காட்டிய ஆண். கை கால் தடையில்லாமல் வீசவும், துணி எங்கும் சிக்காமல் இருக்கவும் அவர் அதை அணிந்தார். வேலைக்காகப் பிறந்த உடை. பெண் போட்டவுடன் அதற்கு வேறு பொருள் வந்து ஒட்டிக்கொண்டது.

பண்பாடு என்றால் நம் பெண்களின் உழைப்பும் பண்பாடுதானே? கண்டமங்கலத்திலிருந்து வளவனூர் வரை நடவு நேரத்தில் வயலோரமாகப் போய்ப் பாருங்கள். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு சேற்றில் நிற்கிறார்கள். சேறு படக் கூடாது என்று கீழே தூக்கினார்கள். வெயிலும் தாளும் அறுக்கக் கூடாது என்று மேலே மூடினார்கள். திருபுவனைப் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள் பேண்ட்டும் கோட்டும் போடுகிறார்கள், இயந்திரத்தில் துப்பட்டா சிக்கக் கூடாது என்று. வயலில் குனிகிற பெண்ணின் முழங்கால் யாருக்கும் கலாச்சாரச் சிக்கலாகத் தெரிவதில்லை, ஏனென்றால் அவள் நமக்குச் சோறு போட உழைக்கிறாள். தனக்காக, தன் உடம்பின் பலத்துக்காக, ஒரு பதக்கத்துக்காக ஒரு பெண் முழங்காலைக் காட்டினால்தான் சிக்கல். அப்போது கேள்வி முழங்காலைப் பற்றியது இல்லை. அவள் யாருக்காக உழைக்கிறாள் என்பதைப் பற்றியது.

இங்கே என் பக்கத்து ஆட்களோடும் ஒரு சண்டை இருக்கிறது. மல்லர் கம்பத்துக்காக வாதாடுபவர்களில் பலர், "இது நம் மண்ணின் வீரக் கலை, அந்த போல் டான்ஸ் அசிங்கத்தோடு சேர்க்காதீர்கள்" என்கிறார்கள். மேடையில் கைதட்டல் கிடைக்கும். ஆனால் வாதம் ஓட்டை. மல்லர் கம்பத்தின் பழமை உண்மைதான்: 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் காலத்து மானசோல்லாசம் என்ற நூலில் அதன் குறிப்பு இருக்கிறது, பிற்காலத்தில் இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் அவையில் இருந்த பாலம்பட்ட தாதா தேவ்தர் அதற்குப் புத்துயிர் கொடுத்தார். விழுப்புரத்தில் அதை வேரூன்றச் செய்தவர்கள் என்றால் உலகதுரையின் பெயர் முதலில் சொல்லப்படும். 2019 பிப்ரவரியில் மும்பை சிவாஜி பூங்காவில் முதல் உலகப் போட்டி நடந்தது. 2022இல் குஜராத் தேசிய விளையாட்டுப் போட்டியில் இடம்பிடித்தது. 2024 ஜனவரியில் நம் மாநிலமே கேலோ இந்தியா இளையோர் போட்டியை நடத்தியபோது மல்லர் கம்பமும் அதில் இருந்தது. எல்லாம் பெருமைக்குரியவை. ஆனால் ஒரு பெண்ணின் தொடைக்கு மரியாதை வாங்கித் தர எண்ணூறு வருடச் சான்றிதழ் எதற்கு? இந்தக் கலை நேற்று பாரிஸில் பிறந்திருந்தாலும் உராய்வு இதேதான், உடையும் இதேதான். நம் கலையைக் காப்பாற்ற இன்னொரு பெண்ணின் பயிற்சியை அசிங்கம் என்று சொல்கிறவர், நாளை தன் மகளை அசிங்கம் என்று சொல்லப்போகிறவனுக்கு இன்றே வார்த்தை எடுத்துக் கொடுக்கிறார்.

போல் ஃபிட்னஸுக்கு மது விடுதி மேடையோடு தொடர்பு உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அந்த மேடையில் ஆடிய பெண்கள் கண்டுபிடித்த பிடிகளும் சுழற்சிகளும்தான் இன்று ஜிம்மில் சொல்லித் தரப்படுவதில் பெரும்பகுதி. அதற்கு ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு 2009இல் தொடங்கப்பட்டு, 2012 முதல் உலகப் போட்டிகள் நடக்கின்றன. 2017இல் சர்வதேச விளையாட்டுக் கூட்டமைப்புகளின் பொது அமைப்பு அதற்குப் பார்வையாளர் தகுதி கொடுத்தது. ஆண்களும் போட்டியிடுகிறார்கள், அவர்களும் குட்டைக் கால்சட்டைதான் அணிகிறார்கள். சிற்றின்பம் காட்ட வந்தவர்கள் என்றால் ஆண்களுக்கு ஏன் அந்த உடை? அவர்கள் தொடைக்கும் அதே எஃகுதான் என்பதால்.

உடையைப் பற்றி விளையாட்டு உலகம் இரு பக்கமும் தவறு செய்திருக்கிறது. 2005இல் டென்னிஸ் வீராங்கனை சானியா மிர்சாவின் குட்டைப் பாவாடை மதத்துக்கு விரோதம் என்று கிளம்பியது ஒரு கூட்டம். 2011இல் உலக பாட்மிண்டன் சம்மேளனம் இதற்கு நேர் எதிராக, ஆட்டத்தைக் கவர்ச்சியாக்க வேண்டும் என்று, பெண்கள் பாவாடைதான் அணிய வேண்டும் என விதி போடப் பார்த்தது. எதிர்ப்பு வந்ததும் கைவிட்டது. 2021 ஜூலையில் நார்வே நாட்டுக் கடற்கரை ஹேண்ட்பால் பெண்கள், பிகினி போடாமல் அரைக்கால் சட்டை போட்டதற்காக ஆயிரத்து ஐந்நூறு யூரோ அபராதம் கட்ட நேர்ந்தது. உலகமே சிரித்த பிறகு அந்த ஆண்டே விதி மாறியது. அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஜெர்மன் ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்கள் கணுக்கால் வரை மூடிய உடையில் வந்தார்கள். யாருக்கு எது வசதியோ அதை அணிய உரிமை வேண்டும் என்றார்கள். மூடு என்றவனும் காட்டு என்றவனும் ஒரே தவறைத்தான் செய்தான்: ஆடுபவளைக் கேட்காமல் பார்ப்பவனைக் கேட்டான். நார்வே பெண்ணும் ஜெர்மன் பெண்ணும் கேட்டது எதுவோ, அதுவேதான் கம்பம் ஏறும் நம் பெண்ணுக்கும் வேண்டியது. அவளுக்குத் துணி தடையாக இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

இனி, உண்மையிலேயே பதில் சொல்ல வேண்டிய ஒரு குரல். அது தாயின் குரல். "எனக்குப் புரியுதுங்க. ஆனா எவனாவது போன்ல படம் புடிச்சி வாட்ஸ்அப்புல போட்டுட்டா? நாளைக்கிப் பொண்ணு கேட்டு வர்றவன் அதக் காட்டுனா?" இந்தப் பயத்தைப் பிற்போக்கு என்று தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தாய் வாழ்கிற ஊர் எது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பெரியமனுஷியான பிறகு விளையாட்டை விட்ட பெண்பிள்ளைகளின் வரிசை நம் ஊர்களில் நீளமானது. அவர்களில் பலருக்கு வீட்டில் சொல்லப்படும் காரணம் இந்த உடையாகத்தான் இருக்கும்.

ஆனால் தாயின் பயத்துக்கு முழுக்கால் சட்டை மருந்தாகாது. படம் பிடிக்கிறவன் சட்டை நீளத்தைப் பார்த்துப் படம் பிடிப்பதில்லை. பள்ளிச் சீருடையில் போகிற பிள்ளையையும் பிடிக்கிறான். பயத்துக்கு மருந்து வேறு. பயிற்சி இடத்துக்குள் பார்வையாளர் செல்போன் வரக் கூடாது. பெண் பயிற்சியாளர் இருக்க வேண்டும். இல்லையென்றால் வகுப்பு முடியும்வரை வீட்டுப் பெண் ஒருவர் உட்கார இடம் வேண்டும். பிடித்துக் கைகொடுக்கும்போது எங்கே தொடலாம் என்பதைப் பயிற்சியாளர் முதல் நாளே பெற்றோர் முன்னிலையில் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பு, தாழ்ப்பாளோடும் தண்ணீரோடும் ஓர் உடை மாற்றும் அறை வேண்டும். பஸ்ஸில் சுடிதாரில் வருகிற பிள்ளை, கம்பத்துக்கு முன் மாற்றிக்கொண்டு, முடிந்ததும் சுடிதாரிலேயே வீடு திரும்பினால், சாலையில் யாருக்கு என்ன பிரச்சினை? நம் ஊர் மைதானங்கள் பலவற்றில் அந்த அறை இல்லை. பெண்ணின் மானத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் தாழ்ப்பாள் வைத்த ஓர் அறைக்காக ஒரு மனுவும் எழுதியதை நான் பார்த்ததில்லை. மானம்தான் கவலை என்றால் முதலில் சுவர் கட்டுங்கள்.

சரி, என்னதான் அணிவது? இது ஒழுக்கப் பாடமாக இல்லாமல் வேலைப் பாடமாகச் சொல்லப்பட வேண்டும் என்பதால் இங்கேயே சொல்லிவிடலாம். போல் வகுப்புக்கு முதல் நாள் போகிறவளுக்கு, நடைச் சுழற்சியும் கைப்பிடியும்தான் பாடம். லெக்கின்ஸோடு போனாலும் ஓடும். மேலே ஏறி உட்காரத் தொடங்கும்போது தொடையைப் பிடிக்கும் இறுக்கமான குட்டை ஷார்ட்ஸ் தேவை. தொளதொளத்த ஷார்ட்ஸ் மடங்கிச் சிக்கும், மானத்துக்கும் அதுதான் பகை. மேலே கையில்லாத இறுக்கமான பனியன், உள்ளே விளையாட்டு உள்ளாடை. உடம்பு சூடேறும்வரை மேலே டிராக் பேண்ட், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளலாம், ஏறும்போது கழற்றலாம். தேங்காய் எண்ணெய், பாடி லோஷன், கிரீம் எதுவும் அன்று உடம்பில் கூடாது. மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, கழுத்துச் சங்கிலி, அரைஞாண் எல்லாம் வீட்டில். மெட்டியைக் கழற்றக் கூடாது என்பவர் அன்று கயிற்றில் ஏற வேண்டாம். பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட வேண்டும். துப்பட்டா கண்டிப்பாகக் கூடாது. சுழலும் கம்பியில் அது கழுத்துக்கு ஆபத்து. நம் வெயிலில் வியர்வை ஒழுகும். கொஞ்சம் ஈரம் பிடிக்கு நல்லது, ஒழுகினால் வழுக்கும். ஆகவே பருத்தித் துண்டு ஒன்று. முதல் மாதத்தில் தொடையில் கன்றிய தடம் வரும்; வீட்டில் யாராவது அடித்தார்களா என்று ஆசிரியர் கேட்டால் சொல்லப் பதில் தயாராக இருக்கட்டும்.

இதில் எதுவுமே பெண்ணுக்கு மட்டும் உரியதில்லை. தம்பிக்கும் இதே பட்டியல்தான், உள்ளாடையும் கொலுசும் தவிர. இதற்கு மேலும் மூடிக்கொண்டு ஏறத்தான் எனக்குத் தைரியம் வரும் என்று ஒருத்தி சொன்னால், அதுவும் அவள் முடிவு. அவளுக்கு ஏற்ற பிடிகளிலிருந்து தொடங்குவது பயிற்சியாளரின் திறமை. மூடுகிற உரிமையும் ஏறுகிறவளுக்குத்தான். என் வாதத்தின் மறுபக்கம் அது, அதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்த உடைப் பேச்சுக்குப் பின்னால் சோறும் இருக்கிறது. 2020இல் மத்திய அரசு, தன் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைவாய்ப்புக்கான பட்டியலை 43 விளையாட்டுகளிலிருந்து 63 ஆக விரித்தபோது மல்லர் கம்பமும் அதில் சேர்ந்தது. நிலமில்லாத வீட்டுப் பெண்பிள்ளைக்குப் பதக்கச் சான்றிதழ் ஒரு வேலைக்கான வாசல். "கால்சட்டையை நீளமாக்கு" என்று சொல்லி அவளைப் பாதியில் நிறுத்துகிறவர், அண்ணனுக்கு மட்டும் அந்த வாசலைத் திறந்து வைக்கிறார். பாரபட்சத்தை ஒழுக்கம் என்று பெயர் மாற்றி எழுதிவிட்டால் கணக்கு சரியாகிவிடாது.

ஆகவே கண்டமங்கலம் ஒன்றியத்துப் பெற்றோருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் என் கோரிக்கை இதுதான். அடுத்த கிராம சபை கூடும்போது, பெண்பிள்ளைகளின் விளையாட்டு உடையைப் பற்றிப் பேச யாராவது எழுந்தால், பேசட்டும். முடித்ததும் மூன்று தீர்மானங்களை வைத்துக் கையெழுத்துக் கேளுங்கள்: பயிற்சி இடத்தில் உடை மாற்றும் அறை, பெண் பயிற்சியாளர், பயிற்சி நேரத்தில் செல்போன் தடை. மூன்றுக்கும் கையெழுத்துப் போடுகிறவர் பிள்ளையின் பாதுகாப்பை நினைக்கிறார். அவரோடு உட்கார்ந்து உடையைப் பற்றியும் பேசலாம். கையெழுத்துப் போடாமல் கால்சட்டையின் நீளத்தை மட்டும் அளக்கிறவருக்கு, அந்தக் கம்பத்தில் ஒரு வேலையும் இல்லை.